வாசலில் வகுத்த வரிசை

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் பெருவழியில், துவாக்குடிக்கு அருகே, 1964ஆம் ஆண்டு மண்டலப் பொறியியற் கல்லூரியாகத் தோன்றி இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகம் என்று வழங்கும் கலாசாலையில், 2022ஆம் ஆண்டு மே மாதம் ‘பரம் பொருள்’ என்னும் சூப்பர் கம்ப்யூட்டர் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் உச்ச ஆற்றல் 838 டெராஃப்ளாப். அதாவது, தசமப் புள்ளியுள்ள எண்களைக் கொண்டு வினாடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகளைச் செய்து முடிக்கும் வல்லமை. இத்தகைய யந்திரம் ஒன்று நம் ஊருக்கு வாய்க்கும்போது அந்த ஆற்றலின் அளவையே நாம் வியந்து பேசுகிறோம். ஆனால் அந்த ஆற்றலை ஆயிரம் வேலைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, ஒன்றன் வேலையில் மற்றொன்று தலையிடாதபடி காத்து, வெளியிலிருந்து வரும் ஒவ்வோர் அழைப்புக்கும் உரிய கணத்தில் செவிசாய்க்கும் பொறுப்பைத் தாங்கி நிற்கும் சில நூறு வரிகளைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அவ்வரிகளையும், அண்மைக் காலத்தில் அவை எவ்வாறு திருத்தியமைக்கப்பட்டன என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2017ஆம் ஆண்டு நவம்பர் முதல், உலகின் மிகு வேகக் கணினிகள் என்று பட்டியலிடப்பெறும் 500 யந்திரங்களும் லினக்ஸ் என்ற ஒரே இயங்குதளத்தையே கொண்டுள்ளன. இயங்குதளத்தின் உயிர்நிலையான பகுதிக்குக் கர்னல் என்று பெயர். மெமரியைப் பங்கிடுவதும், வட்டுக்கும் வலைப்பின்னலுக்கும் ஆணையிடுவதும், எந்த நிரல் எப்போது ஓடலாம் என்று தீர்ப்பதும் கர்னலுக்கே உரிய அதிகாரங்கள். சாதாரண நிரல் எதுவும் இவற்றைத் தானே செய்துகொள்ள இயலாது. கர்னலிடம் வேண்டித்தான் பெற முடியும். இவ்விதியைக் காப்பது நிரலாசிரியரின் நல்லெண்ணம் அன்று. பிராசஸரின் உள்ளேயே பதிக்கப்பட்ட அதிகாரப் பாகுபாடு.

அப்பாகுபாட்டின் இலக்கணம் திருவரங்கத்தை அறிந்தவர்களுக்கு எளிதில் விளங்கும். அரங்கன் சன்னிதியைச் சூழ்ந்து ஏழு பிராகாரங்கள் உள்ளன. வெளிப் பிராகாரங்களில் மக்கள் குடியிருக்கிறார்கள், கடைகள் நடக்கின்றன, வண்டிகள் ஓடுகின்றன. உள்ளே செல்லச் செல்ல நியதிகள் கடுமையாகி, கர்ப்பக்கிருகத்தை அடையும்போது அங்கே புகும் உரிமை மிகச் சிலருக்கே உரியதாகிறது. எவராயினும் மதிலைத் தாண்டிக் குதித்து உள்ளே வர இயலாது. வாசல் வழியாகவே வரவேண்டும். 1960களில் அமெரிக்காவில் உருவான மல்டிக்ஸ் என்ற இயங்குதளமும் இவ்வாறே ஒன்றனுள் ஒன்றாக எட்டு அதிகார வளையங்களை வகுத்தது. பின்னர் இன்டெல் நிறுவனத்தின் பிராசஸர்கள் நான்கு வளையங்களைத் தந்தன. லினக்ஸ் அவற்றுள் இரண்டையே ஆள்கிறது. உள்வளையத்தில் கர்னல், வெளிவளையத்தில் மற்ற நிரல்கள் அனைத்தும். இரண்டுக்கும் இடையேயுள்ள வாசலில் என்ன நடக்கிறது என்பதுதான் நம் விஷயம்.

கர்னலுக்குள் பிரவேசிக்கும் வழிகள் மூன்று. ஒரு நிரல் தானாக வேண்டிக்கொண்டு வருவது முதல் வழி. கோப்பைத் திறக்கவும் செய்தியை அனுப்பவும் அவ்வாறு வருகிறது. நிரல் செய்த பிழையால், அல்லது அது தேடிய மெமரிப் பக்கம் இல்லாமையால், பிராசஸர் தானே கர்னலை அழைப்பது இரண்டாவது. மூன்றாவதே இன்டரப்ட் என்று சொல்லப்படும் குறுக்கீடு: வலைப்பின்னல் அட்டைக்குச் செய்தி வந்து சேர்ந்தது, வட்டு தன் வேலையை முடித்தது, கடிகாரம் தட்டியது என்பன போன்ற வெளி நிகழ்ச்சிகளால் பிராசஸர் தன் நடப்பு வேலையை அக்கணமே நிறுத்திவிட்டுக் கர்னலின் வாசலுக்குத் தாவுவது. முதல் இரண்டும் நிரலின் ஏதோ ஓர் ஆணையோடு பிணைந்தவை. மூன்றாவதோ எந்த இரண்டு ஆணைகளுக்கு இடையிலும் வரக்கூடியது. கடிகாரக் குறுக்கீடு மட்டுமே, அமைப்பைப் பொறுத்து, வினாடிக்கு 250 முறையோ 1000 முறையோ வருவதுண்டு.

இந்தத் தாவல் எத்துணை நுட்பமானது என்பதைச் சென்னையிலேயே பிறந்த ஒரு பிராசஸரைக் கொண்டு காட்டலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வீ. காமகோடி தலைமையில் வளர்ந்த ‘சக்தி’ திட்டத்தின் சில்லு ஒன்று 2018இல் லினக்ஸை இயக்கிக் காட்டியது. சக்தி பின்பற்றுவது, எவரும் உரிமத்தொகை இன்றிப் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-ஃபைவ் என்ற ஆணைத்தொகுதியை. அவ்விலக்கணத்தின்படி, குறுக்கீடு நேரும்போது யந்திரம் தானாகச் செய்யும் காரியங்கள் மிகச் சிலவே: நின்ற இடத்தின் முகவரியை, ரிஜிஸ்டர் எனப்படும் தன் சிறு உட்சேமிப்பிடங்களுள் தனியான ஒன்றில் குறித்துக்கொள்கிறது, வந்த காரணத்தை மற்றொன்றில் எழுதுகிறது, மேலும் குறுக்கீடுகள் வாராதபடி தடுக்கிறது, முன்னிருந்த அதிகார நிலையைப் பதிவு செய்துவிட்டுக் கர்னல் முன்கூட்டிச் சொல்லிவைத்த முகவரிக்குத் தாவுகிறது. பொது ரிஜிஸ்டர்கள் 32இல், எப்போதும் சுழியமாகவே இருக்கும் ஒன்று நீங்கலாக மற்ற 31இலும் நிறுத்தப்பட்ட நிரலின் உடைமைகள் அப்படியே கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றைக் கெடுத்தாலும் அந்த நிரல் திரும்பி வரும்போது தன் கணக்கைப் பிழையாகத் தொடரும். ஆனால் எதையாவது செய்யவேண்டுமாயின் ஒரு ரிஜிஸ்டரேனும் காலியாக வேண்டுமே! அன்றியும், அழைப்பு வெளிவளையத்திலிருந்து வந்ததா, கர்னல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே வந்ததா என்பதும் இன்னும் தெரியாது.

லினக்ஸ் இதற்குக் கண்ட உபாயம் அழகானது. குறிப்பேடாகப் பயன்படும் ஒரு தனி ரிஜிஸ்டரில், வெளிநிரல் ஓடும்போதெல்லாம் கர்னலின் முகவரி ஒன்றும், கர்னல் ஓடும்போதெல்லாம் சுழியமும் இருக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. வாசலின் முதல் ஆணை, அக்குறிப்பேட்டையும் ஒரு பொது ரிஜிஸ்டரையும் ஒரே செயலில் இடம் மாற்றுகிறது. கைக்கு வந்தது சுழியமன்று எனில், வந்தவர் வெளியார். கர்னலின் முகவரியும் கிடைத்துவிட்டது. வெளியாரின் உடைமை குறிப்பேட்டில் பத்திரமாக இருக்கிறது. சுழியமாயின் உள்ளிருந்தே வந்த அழைப்பு. உடைமைகளைச் சேமித்த பின் குறிப்பேட்டில் சுழியம் எழுதப்படுகிறது. அடுத்து ஓர் அழைப்பு இதன் மேலேயே வந்தாலும், அது உள்ளிருந்து வந்தது என்று அப்போது தெளிவாகும். இடம் மாற்றும் அந்த ஓர் ஆணை விடுபட்டாலும், இருமுறை நிகழ்ந்தாலும், அதன்பின் நடப்பவை அனைத்தும் பிழை.

இப்பிழை கற்பனையன்று. இன்டெல் பிராசஸர்களிலும் இதையொத்த இடமாற்ற ஆணை ஒன்று உண்டு. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியான ஒரு பாதுகாப்பு ஓட்டை இவ்வாணையைச் சுற்றியே அமைந்தது. ஸ்டாக் என்ற தற்காலிக மெமரிப் பகுதியை மாற்றும் ஓர் ஆணைக்குப் பின், சோதனைக்காக வைக்கப்பட்ட குறுக்கீடுகளை அடுத்த ஆணை முடியும்வரை பிராசஸர் ஒத்திவைக்கும். அந்த அடுத்த ஆணையே கர்னலுக்குள் புகும் ஆணையாக இருந்துவிட்டாலோ, ஒத்திவைத்த குறுக்கீடு வாசலைத் தாண்டிய அக்கணத்தில், கர்னலின் முதல் ஆணைகூட நிறைவேறுமுன் எழும். அதை ஏற்கும் பகுதி, ‘நாம் உள்வளையத்தில் இருக்கிறோம், ஆகவே இடமாற்றம் முன்பே நடந்துவிட்டது’ என்று கொள்ளும், உண்மையில் நடந்திராது. விண்டோஸ், மேக், லினக்ஸ், ஃப்ரீ-பி.எஸ்.டி. முதலிய பெரிய இயங்குதளங்கள் பலவும் இந்த ஒரே தவற்றுக்கு ஆட்பட்டன. சிலவற்றில் யந்திரத்தை நிலைகுலையச் செய்யவும், சிலவற்றில் கர்னலின் அதிகாரத்தையே கைப்பற்றவும் இது இடமளித்தது. அதே ஆண்டு ஜனவரியில் வெளிப்பட்ட ‘மெல்ட்டவுன்’ என்ற குறைபாட்டுக்குப் பரிகாரமாக, கர்னலுக்குள் வரும்போதும் வெளியேறும்போதும் மெமரிப் பட்டியலையே மாற்றும் ஆணைகளும் அதே வாசலில் சேர்க்கப்பட்டன. இவ்வாறு ஆண்டுதோறும் ஒட்டு மேல் ஒட்டாகச் சேர்ந்து, பிராசஸரின் தாய்மொழியான அசெம்ப்ளியில் எழுதப்பட்டிருந்த அப்பகுதி, பழகியவர்களும் கைவைக்க அஞ்சும் நிலையை எய்தியது.

வாசலைக் கடந்ததும் எதிர்ப்படுவது இரண்டாவது பிரச்சினை, அதுவே ஒத்திசைவு. பல பிராசஸர்கள் ஒரே மெமரியிலுள்ள ஒரே பட்டியலை ஒரே சமயத்தில் திருத்த முற்பட்டால் பட்டியல் சிதையும். இத்துறையின் ஆதி ஆசிரியர்களுள் ஒருவரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, 1959இல் ஆம்ஸ்டர்டாமில் அளித்த ஆய்வேட்டில், எக்ஸ்1 என்ற கணினிக்குத் தாம் எழுதிய குறுக்கீட்டு நிரலையே விளக்கினார். எந்தக் கணத்தில் வரும் என்று சொல்ல இயலாத குறுக்கீடுகளால் விளையும் பிழைகள் மறுபடி சோதித்துப் பார்க்கக் கிட்டாதவை; ஆதலால் சோதனையை நம்பாமல் தர்க்கத்தால் சரியென்று நிறுவவேண்டும் என்ற கொள்கை அவருக்கு இங்கிருந்தே வலுப்பெற்றது. 1965இல், ஒரு சமயத்தில் ஒருவரே புகத்தக்க பகுதியை நிரல்கள் தமக்குள் எவ்வாறு காத்துக்கொள்ளலாம் என்பதற்கான தீர்வை அவர் வெளியிட்டார்.

அவ்வழியில் வந்தவையே கர்னலின் பூட்டுகள். பட்டியலைத் தொடுமுன் பூட்டைப் பெறவேண்டும். தொட்டு முடித்தபின் விடவேண்டும். பூட்டு மற்றவர் கையில் இருந்தால் காத்திருக்கவேண்டும். ஆனால் குறுக்கீடும் பூட்டும் சந்திக்கும் இடத்தில் ஓர் அபாயம் உண்டு. ஒரு பிராசஸர் பூட்டைப் பெற்றுப் பட்டியலைத் திருத்திக்கொண்டிருக்கையில் குறுக்கீடு வருகிறது என்று கொள்வோம். அதே பிராசஸர் தன் வேலையை நிறுத்திவிட்டுக் குறுக்கீட்டைக் கவனிக்கப் போகிறது. அங்கேயும் அதே பூட்டு தேவைப்பட்டால், அது கிடைக்கும்வரை காத்திருக்கத் தொடங்குகிறது. பூட்டை வைத்திருப்பதோ நிறுத்தப்பட்ட தன் பழைய வேலை. அது மீண்டும் ஓடினாலன்றிப் பூட்டு விடுபடாது. குறுக்கீடு முடிந்தாலன்றி அது ஓடாது. அந்தப் பிராசஸர் என்றென்றைக்குமாக நின்றுவிடும். ஆகவே, குறுக்கீட்டிலும் பயன்படும் பூட்டைப் பெறுமுன் அந்தப் பிராசஸரில் குறுக்கீடுகளைத் தடுத்துவிடவேண்டும் என்பது கர்னலின் அடிப்படை விதிகளுள் ஒன்றாயிற்று. இத்தகைய விதிகளை லட்சக்கணக்கான வரிகளில் மனிதர் நினைவால் மட்டும் காத்தல் அரிது. எனவே 2006இல் இங்கோ மோல்னார் என்பவர், பூட்டுகள் எந்த வரிசையில், எந்நிலையில் பெறப்படுகின்றன என்பதை ஓடும்போதே கண்காணித்து, முட்டுக்கட்டை நேரக்கூடிய வழி உண்டெனில் அது நேருமுன்பே எச்சரிக்கும் ‘லாக்டெப்’ என்ற காவலை லினக்ஸில் சேர்த்தார்.

பூட்டுகளின் சரித்திரமே ஒரு நீண்ட சீரமைப்பின் சரித்திரம். 1996இல் லினக்ஸ் முதன்முதலாகப் பல பிராசஸர்களை ஆளத் தொடங்கியபோது, கர்னல் முழுவதற்கும் ஒரே பெரும் பூட்டு வைக்கப்பட்டது. அது பத்திரமானதே, ஆனால் கர்னலுக்குள் ஒரு சமயத்தில் ஒரு பிராசஸரே வேலை செய்ய முடிந்தது. ஒவ்வொரு பட்டியலுக்கும் தனித்தனிச் சிறு பூட்டு அமைத்து, பெரும் பூட்டின் ஆட்சியைச் சிறிது சிறிதாகக் குறைத்து, 2011இல் அதை அறவே நீக்கினார்கள். அதற்குப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. அந்த ஆண்டுகளில் ஒரு நாளும் உலகத்தின் கணினிகள் இதற்காக நிறுத்தப்படவில்லை என்பதை எண்ணிப் பார்த்தால்தான் அந்த உழைப்பின் பெருமை புலப்படும்.

பூட்டே இல்லாமல் படிக்கவைக்கும் முறையொன்றும் இந்நாட்டோடு தொடர்புடையது. ஆர்.சி.யூ. என்று சுருக்கமாக வழங்கும் அம்முறையைப் பால் மெக்கென்னி என்பவரோடு சேர்ந்து உழைத்து 2002ஆம் ஆண்டு அக்டோபரில் லினக்ஸுக்குள் கொண்டுவந்தவர், இந்தியாவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணிபுரிந்த தீபங்கர் சர்மா. இம்முறையில், படிப்பவர்கள் பூட்டு எதையும் பெறுவதில்லை. திருத்துபவர் பழைய பிரதியை அப்படியே விட்டுவிட்டுப் புதிய பிரதி ஒன்றை ஆக்கி, இனி வருவோர் அதையே காணும்படி முகவரியை மாற்றுகிறார். பழைய பிரதியை முன்பே படிக்கத் தொடங்கியவர்கள் அனைவரும் முடித்துவிட்டார்கள் என்று உறுதியான பிறகே அதை அழிக்கிறார். அவ்வுறுதியைப் பெறுவது எவ்வாறு? ஒவ்வொரு பிராசஸரும், படிக்கும் நிலையில் இருக்க இயலாத ஒரு கட்டத்தை ஒருமுறையேனும் கடந்துவிட்டதா என்று பார்ப்பதே வழி. வெளிவளையத்தில் ஓடும் பிராசஸர் கர்னலின் பட்டியல் எதையும் படித்துக்கொண்டிருக்க முடியாதாகையால், அதைக் கணக்கில் கொள்ளவேண்டியதில்லை.

குறுக்கீட்டின் வாசலும் ஒத்திசைவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை இங்கே காண்கிறோம். குறுக்கீட்டால் கர்னலுக்குள் வந்த பிராசஸர், ‘நான் உள்ளே வந்துவிட்டேன், என்னையும் கணக்கில் கொள்க’ என்று ஆர்.சி.யூ.வுக்கு அறிவிக்குமுன் ஒரு பட்டியலைப் படித்துவிட்டால், அது படித்துக்கொண்டிருக்கும்போதே பட்டியல் அழிக்கப்படக்கூடும். அறிவிப்பதற்கு முந்தைய அந்தச் சிறு இடைவெளியில் எச்செயலும் நிகழலாகாது. ஆனால் கர்னலின் நடத்தையை ஆராயும் சோதனைக் கருவிகள் ஏறத்தாழ எந்த வரியிலும் தம்மைப் பொருத்திக்கொள்ள வல்லவை. அவை அவ்விடைவெளியில் புகுந்து, தமக்கு வேண்டிய பட்டியல்களைப் படிக்க முற்பட்டபோதெல்லாம் விபரீதம் விளைய வழி இருந்தது.

2020ஆம் ஆண்டு தாமஸ் க்ளைக்ஸ்னர், பீட்டர் ஸைல்ஸ்ட்ரா, ஆண்டி லூட்டோமர்ஸ்கி ஆகிய கர்னல் நிரலாளர்கள் மேற்கொண்ட சீரமைப்பு இதற்கு முடிவு கட்டியது. செயலின் விளைவு மாறாமல் அமைப்பை மட்டும் தெளிவுபடுத்துவதே சீரமைப்பு என்பதன் பொருள். அவர்கள் செய்தவற்றைச் சுருக்கிச் சொன்னால் மூன்று. முதலாவதாக, அசெம்ப்ளியில் இருந்தவற்றுள் தவிர்க்க இயலாத சில வரிகளை மட்டும் அங்கேயே விட்டு, எஞ்சியவற்றை, படிப்பதற்கு எளிய சி மொழிக்கு மாற்றினார்கள். இரண்டாவதாக, வாசலில் நிகழவேண்டியவற்றின் வரிசையை ஐயத்துக்கு இடமின்றி நிர்ணயித்தார்கள்: முதலில் லாக்டெப்புக்குக் குறுக்கீடுகள் தடுக்கப்பட்டுள்ளன என்று சொல்வது, அடுத்து ஆர்.சி.யூ.வுக்கு வருகையை அறிவிப்பது. அதன்பின்பே சோதனைக் கருவிகளுக்கு இடங்கொடுப்பது. வெளியேறும்போது இதன் எதிர்வரிசை. மூன்றாவதாக, அந்த முதற்பகுதியில் கருவி எதுவும் நுழையலாகாது என்ற விதியை வெறும் வாய்ச்சொல்லாக விட்டுவிடாமல், அவ்வரிகளை மெமரியில் தனிப் பகுதியாக ஒதுக்கி, அங்கிருந்து வெளியே உள்ள எந்தப் பகுதியையாவது அனுமதியின்றி அழைத்தால் கர்னலைக் கட்டும்போதே கண்டு சொல்லும் சோதனை நிரலையும் அமைத்தார்கள். இன்டெல் வகைப் பிராசஸர்களுக்கான இம்மாற்றம் 5.8ஆம் பதிப்பில் வந்தது. எல்லாப் பிராசஸர்களுக்கும் பொதுவான பகுதி தனியே பிரிக்கப்பட்டு 5.9ஆம் பதிப்பில் வெளியாயிற்று. ரிஸ்க்-ஃபைவ் குடும்பம் 2023இல், 6.4ஆம் பதிப்பில், அப்பொது வாசலை ஏற்றுக்கொண்டது. ஆகவே, அதன்பின் வந்த லினக்ஸை இயக்கும் எந்தச் ‘சக்தி’ பிராசஸரும் இச்சீரமைப்பின் பயனைத் தானாகவே பெறுகிறது.

இவற்றால் திருச்சிக்கு என்ன நன்மை என்று கேட்பவருக்கு விடை கூற 2003ஆம் ஆண்டின் ஆராய்ச்சி ஒன்று போதும். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் 8,192 பிராசஸர்களைக் கொண்ட ‘ஏஸ்கி க்யூ’ என்ற பெருங்கணினி, கணித்த வேகத்தை எய்தாமல் தயங்கியது. காரணத்தைத் தேடிய ஆராய்ச்சியாளர்கள், வலைப்பின்னலிலோ கணித நிரலிலோ குறை காணவில்லை. ஒவ்வொரு முனையிலும் இயங்குதளத்தின் சில்லறை வேலைகள் இடையிடையே குறுக்கிட்டமையே காரணம் என்று கண்டார்கள். ஆயிரக்கணக்கான பிராசஸர்கள் ஒவ்வோர் அடியிலும் ஒன்றுக்கொன்று காத்திருந்து முன்னேறும் கணக்கில், ஏதேனும் ஒன்று ஒரு கணம் தாமதித்தால் அனைத்தும் அக்கணம் தாமதிக்கின்றன. இந்தச் சலனத்தைக் குறைத்தபோது ஒரு முக்கிய நிரலின் வேகம் ஏறத்தாழ இருமடங்காயிற்று. ஒரு பிராசஸரும் புதிதாக வாங்கப்படவில்லை!

கணக்கில் ஆழ்ந்திருக்கும் பிராசஸரைக் கடிகாரக் குறுக்கீடும் தொந்தரவு செய்யாதபடி விட்டுவைக்கும் வசதி 2013இல், 3.10ஆம் பதிப்பில் லினக்ஸுக்கு வந்தது. வெளிவளையத்தில் இருப்பவரை ஆர்.சி.யூ. கணக்கில் கொள்ளாது என்று முன்னர் கண்டோமே, அந்த ஏற்பாடு இல்லாவிடில் இவ்வசதி நடைபெறாது. வாசலில் அறிவிப்பு பிழையின்றி நிகழாவிடில் அந்த ஏற்பாடு நிலைபெறாது. பூட்டுகளையும் குறுக்கீடுகளையும் மேலும் திருத்தி, அவசர வேலை குறித்த காலத்துக்குள் கவனிக்கப்படும் என்று உறுதியளிக்கும் நிகழ்நேர லினக்ஸும், ஏறத்தாழ இருபதாண்டு முயற்சிக்குப் பின், 2024இல் 6.12ஆம் பதிப்பில் பொதுக் கர்னலோடு கலந்தது. ஆலைகளின் கட்டுப்பாட்டு யந்திரங்களுக்கு இது மிகவும் வேண்டப்படுவது.

புதியதொன்றைப் படைப்பவரைப் போற்றும் உலகம், இருப்பதைத் தெளிவாக்குபவரைப் போற்றுவதில்லை. கர்னலின் வாசலைத் திருத்தியவர்கள் ஒரு புதிய வசதியையும் சேர்க்கவில்லை. பயன்படுத்துவோர் கண்ணுக்குத் தெரியும் எதையும் மாற்றவில்லை. ஆயினும் முன்பு ஒரு சில நிபுணர்களின் நினைவில் மட்டும் வாழ்ந்த ஒழுங்கை, எவரும் படித்தறியத்தக்க வரிகளாகவும் யந்திரமே சோதிக்கத்தக்க விதிகளாகவும் ஆக்கினார்கள். இது படைப்புக்கு எவ்வகையிலும் தாழ்ந்த தொண்டு அன்று என்பது என் துணிபு.

திருச்சியிலும் திருவரங்கத்திலும் கணினி பயிலும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். லினக்ஸ் கர்னலின் மூலநிரல் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பொது வாசலின் பகுதி சில நூறு வரிகளே. ‘சக்தி’ பிராசஸரின் வடிவமைப்பும் அவ்வாறே வெளிப்படையாக வழங்கப்பட்டுள்ளது. ஆகவே வாசலின் வெளிப்புறத்தையும் உட்புறத்தையும், யந்திரம் செய்வதையும் நிரல் செய்வதையும், ஒரே மேசையில் வைத்து ஒப்பிட்டுப் படிக்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. ரிஸ்க்-ஃபைவ் யந்திரத்தைப் போல நடிக்கும் இலவச மென்பொருளைச் சாதாரண மடிக்கணினியிலேயே ஓட்டி, ஒரு குறுக்கீட்டை முதல் ஆணையிலிருந்து கடைசி ஆணைவரை பின்தொடர்ந்து பாருங்கள். எந்த வரி எதற்கு முன் வரவேண்டும், ஏன் வரவேண்டும் என்று உங்கள் சொந்த மொழியில் எழுதி விளக்கிப் பாருங்கள். அவ்வாறு விளக்க இயலும் ஒருவர், அந்த வரிகளைத் திருத்தவும் தகுதி பெற்றவராகிறார்.